குணமானவர்களின் பட்டியல்: மலேசிய நிபாவின் இரண்டாம் பாகம்

1999 ஜூன் வாக்கில் மலேசியாவின் நிபா கணக்கு முடிந்துவிட்டதாகத்தான் தெரிந்தது. நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். சுமார் 11 லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தாயிற்று. புதிய நோயாளிகள் வருவதும் நின்றுவிட்டது.

265இல் 105 போனால் மீதி 160. இந்தக் கட்டுரை அந்த 160 பேரைப் பற்றியது. அவர்களோடு, அந்த 265இல் சேராமலே போன இன்னும் ஏறத்தாழ முந்நூறு பேரைப் பற்றியும்.

நிபா என்றதும் எல்லோரும் வௌவாலில் தொடங்கிப் பன்றியில் முடித்துவிடுகிறோம். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் விடாமல் பார்த்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைரஸ் காய்ச்சலில் இருந்து தேறி வீட்டுக்குப் போனவர்களின் மூளையில் பல மாதம் கழித்து என்ன நடக்கக்கூடும் என்பதற்கு இவ்வளவு தெளிவான நிகழ்வு அதிகம் கிடையாது.

முதல் பாகம், சுருக்கமாக

1998 செப்டம்பர் கடைசியில் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பகுதியில், பன்றிப் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலும் நினைவு மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்யப்பட்டது. அப்படி நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. அந்த நோய்க்கும் பன்றிதான் நடுவில் இருக்கும், கொசு அதைப் பரப்பும். சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படியே காட்டியது. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் உறுத்தின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும். இங்கே படுத்தவர்கள் வாட்டசாட்டமான ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் இந்த நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடிப் பிடித்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே இருமின. நாய் குரைப்பதுபோல, தூரத்தில் இருந்தே காதில் விழுகிற இருமல்.

பயத்தில் பன்றிகளை வந்த விலைக்கு விற்றுத் தள்ளியபோது நோயும் லாரி ஏறித் தெற்கே போனது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் முதலில் சிக்காமாட், பிறகு போர்ட் டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக். இந்த இரண்டாவது ஊரில்தான் நோய் உச்சத்துக்குப் போனது. நோயாளிகளில் பெரும்பாலோர் சீன விவசாயிகள். அவர்களுடைய பண்ணைகளில் கூலிக்கு வேலை பார்த்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். 1999 மார்ச்சில் சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளை வெட்டிய தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார்.

அதே மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற வைரஸ் ஆய்வாளர், சுங்கை நிபா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரைச் செல் வளர்ப்பில் விட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைந்து, ஒரே பெரிய செல்லாகத் திரண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. மாதிரிகளை அவரே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது பாராமிக்ஸோ குடும்பம். தட்டம்மையும் பொன்னுக்குவீங்கியும் பிறந்த அதே வீடு. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு. தட்டம்மையோடு உள்ள இந்த உறவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போனது, பன்றியிடம் இருந்து மனிதனுக்கு வந்தது என்ற சங்கிலிக்குப் பிறகு பலமான சான்றுகள் கிடைத்தன. பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே மாமரம் வைத்ததுதான் ஆரம்பம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. முதல் பாகம் போதும்.

வார்டில் பார்த்தது

1999 பிப்ரவரியில் இருந்து ஜூன் வரை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்த 94 நோயாளிகளைப் பற்றி கோ கியன் ஜின், டான் சோங் டின் உள்ளிட்ட குழு 2000இல் எழுதியது. நூற்றுக்கு 93 பேர் பன்றியை நேரடியாகத் தொட்டவர்கள். பெரும்பாலோருக்குத் தொட்டு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல், வாந்தி. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நினைவு மங்கியது.

இந்த நோயை அடையாளம் காட்டிக்கொடுத்தது ஒரு துடிப்பு. மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. நினைவில்லாமல் கிடக்கிறவரின் போர்வையை விலக்கிப் பார்த்தால், உதரவிதானமும் கைகளும் கழுத்தும் முகமும் விட்டுவிட்டு வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும். வலிப்பின் வீச்சு அதில் இருக்காது. உடம்பின் ஒரு பகுதி மட்டும் தன் தாளத்தில் துள்ளும். கூடவே ரத்த அழுத்தம் எகிறும், நாடி ஓடும், சுத்தியலால் முட்டியில் தட்டினால் கால் அசையாது. மூளைத்தண்டும் மேல்முதுகுத்தண்டும் அடிவாங்கியதன் அறிகுறிகள் இவை. மூளைத்தண்டு அடிவாங்கியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் உட்பகுதியான வெண்பொருளில் 2 முதல் 7 மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள், ரவையை வாரி இறைத்ததுபோல. வைரஸ் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பிடித்து அழற்சி உண்டாக்கி, சின்னச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும். அடைத்த இடத்தில் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். புள்ளிக்குப் பொருள் அதுதான். வைரஸ் நரம்புச் செல்லுக்குள்ளும் நேரடியாகப் போகும் என்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரிந்தது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்புச் செல்லிலும் இருக்கும் எஃப்ரின் பி2 என்ற புரதம்தான் இந்த வைரஸுக்கு வாசல் என்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். ஏன் இந்த இரண்டு இடம் மட்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைத்தது.

அந்த 94 பேரில் 30 பேர் இறந்தார்கள். 14 பேருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிட்டது. மீதி 50 பேர் முழுக்கக் குணம்.

"முழுக்கக் குணம்" என்ற சொல்லை நான் கொஞ்சம் அழுத்திப் படிக்கிறேன். நடக்கிறார், பேசுகிறார், கை கால் வலு சரியாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதற்கு அர்த்தம். அன்றைய தேதிக்கு அது சரியான தீர்ப்பு.

திரும்பி வந்தவர்கள்

அப்புறம் சிலர் திரும்பி வந்தார்கள்.

நோய்ப்பரவல் முடிந்து 24 மாதம் வரை தொடர்ந்து பார்த்து, டான் சோங் டின் குழு 2002இல் வெளியிட்ட கணக்கு இது. மூளைக்காய்ச்சல் வந்து தப்பியவர்களில் 12 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழரைப் பேருக்கு, நரம்பு நோய் மறுபடியும் வந்தது. முதலில் மூளையைத் தொடாத லேசான காய்ச்சலோடு போனவர்கள், அல்லது எந்த அறிகுறியும் இல்லாமல் ரத்தத்தில் மட்டும் எதிர்ப்புரதம் (கிருமி நுழைந்ததற்கு அடையாளமாக உடல் தயாரிப்பது) காட்டியவர்கள், இவர்களில் 10 பேருக்கு முதல் தடவையாக மூளைக்காய்ச்சல் வந்தது. அது நூற்றுக்கு 3.4. மொத்தம் 22 பேர். முதல் தொற்றுக்கும் இந்த இரண்டாம் தாக்குதலுக்கும் நடுவே சராசரியாக 8.4 மாதம்.

தனி ஒரு நோயாளியின் கதையாக இதைச் சொல்ல நான் விரும்பவில்லை. 22 பேரையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற முகம் இதுதான்: பண்ணை போய்விட்டது, வேறு வேலைக்கு மாறியாயிற்று, காய்ச்சல் ஞாபகமே மங்கிவிட்டது. திடீரென்று ஒருநாள் காய்ச்சலும் தலைவலியும். அடுத்து வலிப்பு. ஒரு பக்கம் வலு குறைவது, பேச்சு தடுமாறுவது போல மூளையின் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டும் குறிகள். மெல்ல மெல்ல வருவதில்லை, பட்டென்று வரும்.

22 பேரில் மூன்று பேருக்கு இன்னொரு தடவையும் வந்தது. நாலு பேர் இறந்தார்கள்.

இந்தக் கணக்கில் என் கண் போய் நிற்பது 12 என்ற எண்ணில் இல்லை, 10இல்தான். ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சலுக்காகப் படுக்காதவர்கள். அவர்களில் சிலருக்குத் தொற்று வந்ததே தெரியாது. நோய்ப்பரவல் நேரத்தில் பண்ணைக் குடும்பங்களின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து, எதிர்ப்புரதம் இருந்தவர்களைக் குறித்து வைத்ததால் மட்டுமே இந்தப் பத்துப் பேரும் நிபாவின் கணக்கில் வந்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் இருந்தால் ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில், ஆளுக்கொரு மாதத்தில், "காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல்" என்று எழுதி முடித்திருப்பார்கள். பத்தும் பத்து இடத்தில் தனித்தனியாகக் கிடந்திருக்கும்.

எது என்று எப்படித் தெரிந்தது?

மருத்துவ ரீதியில் சுவாரசியமான இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன். தேறிய நோயாளிக்கு எட்டு மாதம் கழித்து வலிப்பு வருகிறது. சந்தேகப்பட நாலு பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர், புதிய தொற்று. மறுபடியும் நிபா பிடித்திருக்கலாமே? ஆனால் பன்றியே இல்லை. ராணுவத்தை இறக்கிக் கொன்று புதைத்து முடித்தாயிற்று. ரத்தத்தில் எதிர்ப்புரதமும் ஏற்கெனவே இருக்கிறது. இவரை விடுவித்துவிடலாம்.

இரண்டாமவர், தழும்பு. முதல் தாக்குதலில் செத்துப்போன மூளைப்பகுதி வடுவாகி, அந்த வடு வலிப்பைக் கிளப்பும். மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் தழும்பு காய்ச்சலைக் கொண்டுவராது. படத்திலும் பழைய இடம் தெரியவேண்டும், புதிய இடம் தெரியக்கூடாது. இங்கே நடந்தது வேறு. முதல் நோயில் வெண்பொருளில் ரவைப் புள்ளிகள் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாம் நோயில் மூளையின் மேற்பட்டையில், ஒன்றோடொன்று இணைந்த திட்டுகள். வெள்ளை வேட்டியில் காபி கொட்டிப் பரவினால் எப்படித் திட்டுத் திட்டாக இருக்குமோ, அப்படி. இடமும் வேறு, உருவமும் வேறு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேனில் அந்தத் திட்டு இருக்கும் இடத்தில் முதலில் ரத்தம் அதிகமாகப் பாய்ந்தது, பிறகு அதே இடம் வற்றிப்போனது. எரியும் இடம் எரிந்து அடங்குவது கண்முன் தெரிகிறது. பழைய வடு அப்படி நடந்துகொள்ளாது.

மூன்றாமவர்தான் பலமான சந்தேகத்துக்கு உரியவர்: நம்முடைய சொந்த எதிர்ப்பாற்றல். வைரஸைக் கொல்லக் கிளம்பிய படை, வைரஸ் போனபிறகு ஆள் தெரியாமல் நரம்பின் உறையை அடிக்கிறது. தட்டம்மைக்கோ சின்னம்மைக்கோ பிறகு சில குழந்தைகளுக்கு வரும் மூளை-தண்டுவட அழற்சி இந்த வகை. காய்ச்சல் விட்டு ஓரிரு வாரத்தில் கால் மரத்து, மேலே ஏறிக்கொண்டே போகிற குய்லன்-பாரே நோயும் இதே வகை. ஜிகா வைரஸ் பரவிய ஊர்களில் அது நிறைய வந்தது. நரம்பியல் மருத்துவர் யாரைக் கேட்டாலும் "வைரஸுக்குப் பிறகு" என்றதும் முதலில் இவரைத்தான் கைகாட்டுவார். எதிராக இரண்டு சாட்சிகள். ஒன்று, காலம்: இந்த வகை வாரக்கணக்கில் வரும், எட்டு மாதம் காத்திருக்காது. இரண்டாவது சாட்சி பிரேதப் பரிசோதனை மேசையில் கிடைத்தது. இறந்த நாலு பேரில் இருவரின் மூளையைத் திறந்து பார்த்தார்கள். எதிர்ப்பாற்றல் தாக்கியிருந்தால் சிறுசிரைகளைச் சுற்றி நரம்புறை உரிந்திருக்கவேண்டும். அது இல்லை.

அதற்குப் பதிலாக நாலாமவர் அகப்பட்டார். அழற்சி இருந்த இடத்திலேயே நிபா வைரஸின் புரதம் சாயம் ஏறித் தெரிந்தது. முதல் நோயில் எங்கும் இருந்த ரத்தக்குழாய் அழற்சி இதில் இல்லை. வைரஸ் ரத்தக்குழாயை விட்டுவிட்டு மூளைக்குள்ளேயே இருந்துகொண்டு, மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து, மறுபடியும் எழுந்திருக்கிறது. இரண்டே மூளைகளை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் காலம், படம், சாயம் மூன்றும் ஒரே ஆளைக் கைகாட்டும்போது வேறு முடிவுக்குப் போவதுதான் கஷ்டம்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சண்டை என்று நினைக்கவேண்டாம். மருந்தே மாறிவிடும். எதிர்ப்பாற்றலின் வேலை என்றால் ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து அதை அடக்கவேண்டும். வைரஸ் உயிரோடு உள்ளே இருக்கிறது என்றால் எதிர்ப்பாற்றலை அடக்குவது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகிவிடலாம். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலில் இது நேர் எதிராக நடக்கிறது. அங்கே தேறிய நோயாளி சில வாரத்தில் மறுபடி குழம்பிப் பேசினால், கை கால் முறுக்கினால், வைரஸ் திரும்பியது என்றுதான் முன்பெல்லாம் நினைத்தோம். இப்போது தெரிகிறது, அவர்களில் பலருக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற மூளைப் புரதத்துக்கு எதிராகவே உடல் எதிர்ப்புரதம் தயாரிக்கிறது. அங்கே எதிர்ப்பாற்றலை அடக்கினால்தான் ஆள் பிழைக்கிறார். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: மூளைக்காய்ச்சல், தேறுதல், மறுபடியும். உள்ளே நடப்பது நேர்மாறு.

அம்மை வீட்டுப் பழக்கம்

தட்டம்மை உறவை ஞாபகம் வைக்கச் சொன்னேன். தட்டம்மை போய் பல வருடம் கழித்து, பெரும்பாலும் ஆறு முதல் பத்து வருடத்துக்குள், சில பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.பி.இ. என்ற நோய் வரும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு மார்க் குறையும், கையில் இருப்பதை நழுவவிடும், குணம் மாறும். வீட்டில் கவனக்குறைவு என்று அடி விழும், பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்று பெயர் கிடைக்கும். பிறகு உடம்பு சீரான இடைவெளியில் வெட்டி இழுக்கத் தொடங்கும்போதுதான் நரம்பியல் மருத்துவரிடம் வருவார்கள். இரண்டு வயதுக்கு முன்பே தட்டம்மை வந்த பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். அனேகமாக எல்லோரும் இறந்துவிடுவார்கள்.

மூளைக்குள் தங்கிவிடுவது இந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான வேலை என்பது அதனால் முன்பே தெரிந்த விஷயம். நிபாவும் அதைச் செய்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் செய்யும் விதம் வேறு. தட்டம்மை வைரஸ் மூளைக்குள் தன் மரபணுவில் மாற்றம் சேர்த்துச் சேர்த்து, முழு வைரஸாக வெளியே வர முடியாத ஊனமான உருவத்தில், செல்லுக்குச் செல் பரவி மூளையை மெல்லத் தின்கிறது. நிபாவின் மறுதாக்குதல் வந்தது, அடித்தது, பெரும்பாலோருக்கு அடங்கியது. முதல் நோயில் நூற்றுக்கு நாற்பது பேர் போனார்கள், மறுதாக்குதலில் பதினெட்டு. வலிப்பும் வலுக்குறைவும் மிச்சமாகத் தங்கின. மறுதாக்குதல் வந்தவர்களின் முதுகுத்தண்டு நீரில் இருந்து உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முடியவில்லை. தொற்றும் பயம் குறைவு என்பதால், கவனித்துக்கொண்ட குடும்பத்தாருக்கு இது ஒரு ஆறுதல்.

அந்த வைரஸ் நடுவில் எங்கே இருந்தது? மனித மூளையில் ஆள் நன்றாக இருக்கும்போது திறந்து பார்க்க முடியாது. குரங்கில் பார்த்தார்கள். நிபா தொற்றில் இருந்து பிழைத்த ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளின் மூளையில், நரம்புச் செல்களிலும் மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோகிளியா செல்களிலும் வைரஸ் இருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நுரையீரல் முதலான மற்ற உறுப்புகளில் இருந்து வைரஸ் துடைக்கப்பட்டபிறகும் மூளையில் மட்டும் தங்கியிருந்தது. மலேசியாவில் இரண்டு பிரேதங்களை வைத்துச் சொன்னது சரிதான் என்பதற்குப் பதினேழு வருடம் கழித்து வந்த சாட்சி அது.

இவ்வளவு காலத்தில் மருந்து என்ன செய்தது என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 1999இல் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்த 140 பேரில் 45 பேர் இறந்தார்கள், கொடுக்காத 54 பேரில் 29 பேர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை அது; மருந்து வருவதற்கு முன் சேர்ந்தவர்களும் மருந்து வேண்டாம் என்றவர்களும்தான் அந்த 54. மறுதாக்குதலுக்கோ நிரூபணமான சிகிச்சை எதுவும் கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைப் பார்த்துக்கொண்டு, படுக்கைப்புண் வராமல் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

சோர்வு என்ற சொல்

எம்.ஆர்.ஐ. திட்டுகள் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, நோயாளிகள் அதிகம் சொன்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அது அசதி.

நிபா இந்தியத் துணைக்கண்டத்தில் 2001இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியிலும் பங்களாதேஷிலும் தலைகாட்டியது. பங்களாதேஷில் வௌவால் வாய்வைத்த ஈச்சம் பதநீர் மூலம் வந்து, அப்புறம் ஆளுக்கு ஆள் பரவியது. அங்கே தப்பிய 22 பேரைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலைக்குப் போக முடியாத அளவுக்கு அசதி மாதக்கணக்கில் இருந்தது. மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு நரம்புக் குறைபாடு நிலைத்தது: கண்ணசைவு முடங்குவது, கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்வது, முகம் கோணுவது. சிலருக்கு இது தாமதமாகத்தான் தலைகாட்டியது. சிறு பிள்ளைகளின் நடத்தை மாறிவிட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். சிங்கப்பூரில் தப்பிய தொழிலாளர்களிடம் மனச்சோர்வும் குணமாற்றமும் பதிவாயின.

"காய்ச்சல் எல்லாம் எப்பவோ விட்டுப்போச்சுங்க டாக்டர், ஆனா இவரு பழைய ஆளா இல்லைங்க" என்று மனைவி சொல்வதைப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் யாரும் கேட்டிருப்பார்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு கேட்டிருக்கிறோம், கொரோனாவுக்குப் பிறகு நிறையவே கேட்டோம். ரத்தம் பார்த்தால் சரியாக இருக்கும், சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவோம். "பழைய ஆளா இல்லை" என்பது எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் வராத ஒரு முடிவு, ஆனால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அவரோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவர் சொல்கிறார் அல்லவா.

பதினோரு வருடம்

22 பேர் கட்டுரையோடு கதை முடிந்துவிடவில்லை. 2012இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு வந்தது. நோய்ப்பரவலுக்குப் பதினோரு வருடம் கழித்து வந்த நிபா மூளைக்காய்ச்சல். 8.4 மாதம் என்ற சராசரியைப் பார்த்து, ஒரு வருடம் தாண்டினால் பயமில்லை என்று யாராவது நினைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

யோசித்துப் பாருங்கள். அந்த நோயாளி வலிப்போடு வந்த அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர், 1999இல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். பண்ணைகளில் பாதிக்கு மேல் மூடப்பட்டு ஒரு தலைமுறை ஆகப்போகிறது. காய்ச்சலோடு வலிப்பு என்றால் பாக்டீரியாவையும் காசநோயையும் ஹெர்ப்பிஸையும்தான் தேடுவார், தேடவும் வேண்டும். "முன்னால் எங்கே வேலை செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு இந்த மாதிரி இடத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நமக்குப் பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்புறம் கேரளத்தில், 2018இல் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் தொடங்கிய நிபாவில் தப்பியவர்கள் இருவர்தான். அதற்குப் பிறகு 2019இல் எர்ணாகுளத்தில் ஒருவர், 2023இல் கோழிக்கோட்டில் சிலர் என்று பிழைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். கேரளத்தில் ஒவ்வொரு தடவை நிபா வரும்போதும் வாளையாறு, நாடுகாணி எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறோம். அது தேவையானதுதான். ஆனால் வெப்பமானி வைத்துப் பிடிக்க முடியாத ஒரு கூட்டமும் உண்டு: நோயாளியோடு இருந்து, லேசாகக் காய்ச்சல் வந்து போனவர்கள், அல்லது ஒன்றுமே வராதவர்கள். மலேசியாவின் அந்தப் பத்துப் பேர் இந்தக் கூட்டத்தில் இருந்துதான் வந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் பார்த்துவிட்டுப் பட்டியலை மூடுவது தொற்று பரவாமல் தடுக்கப் போதும். மூளைக்கு அந்த 21 நாள் ஒரு கணக்கே இல்லை.

பட்டியல் வைத்திருப்பதற்குப் பெரிய செலவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்ததும் பெயர்களும், ரத்த முடிவும், மறுபடி வரச்சொன்ன தேதிகளும்தான். வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் சீட்டில் இரண்டு வரி சேர்த்து எழுதினால், பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் அதைப் படிக்கமுடியும்: "இவருக்கு இந்த மாதம், இந்த வருடம் நிபா தொற்று இருந்தது. எப்போது காய்ச்சலோடு வலிப்போ, பேச்சுக் குழறலோ, நடத்தை மாற்றமோ வந்தாலும் இதை மருத்துவரிடம் காட்டவும்." சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் தொலையாத இடம் அது ஒன்றுதான்.